பின்னால் எரிந்த விளக்கு

சாவு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் அக்கா முதலில் கேட்பது இறந்தவரின் பேரை.

சொல்வார்கள். ஆதார் அட்டையில் இருக்கிற முழுப் பேரையும் இனிஷியலோடு சொல்வார்கள்.

“அது கெடக்கட்டும்பா. வூட்ல இன்னான்னு கூப்டுவீங்க?”

அழுதுகொண்டிருப்பவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பிறகு யாராவது ஒரு வயதான அம்மா கூச்சத்தோடு சொல்லும். பெரியவன். குட்டிம்மா. கருப்பு. அக்கா அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வாள். அதற்கப்புறம்தான் வண்டியின் பின்கதவைத் திறப்பாள்.

எதற்குக் கேட்கிறாள் என்று அப்போது யாருக்கும் புரியாது. வண்டி பாதி தூரம் போனபிறகு சிலருக்குப் புரிந்திருக்கிறது. எனக்கும் அப்படித்தான் புரிந்தது.

அவள் ஓட்டியது சவ வண்டி. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் அந்த வெள்ளை வேனைத் தெரியாதவர்கள் குறைவு. அவள் வீட்டுக்காரர் பழசாக வாங்கி, பின்சீட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, உடலைக் கிடத்த ஒரு ஸ்டீல் மேடை அடித்து வைத்திருந்தார். பின்னால் அதற்கு மட்டும்தான் இடம். டிரைவருக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் தகரத் தடுப்பு. அந்தத் தடுப்பில் கையகலத்துக்கு ஒரு கண்ணாடி. டிரைவர் பக்கத்தில் ஒருவர் உட்காரலாம். மற்ற சொந்தக்காரர்கள் பைக்கிலும் ஷேர் ஆட்டோவிலும் பின்னால் வருவார்கள். வீட்டுக்காரர் இறந்த பிறகு அவளே ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பொம்பளை சவ வண்டி ஓட்டுவதா என்று முதலில் முணுமுணுத்தவர்கள்கூட அப்புறம் அவளைத்தான் கூப்பிட்டார்கள். ஏனென்றால் வண்டி ஆடிக் குலுங்காமல் அவள் ஓட்டுவாள். பாதி வழியில் டீ குடிக்க நிறுத்த மாட்டாள். குடிப்பழக்கமும் கிடையாது.

ஆனால் வேறொன்றுக்காக நிறுத்துவாள்.

நான் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை வைத்திருக்கிறேன். ஹாரன், செல்ப் மோட்டார், டைனமோ, வயரிங். எங்கள் பக்கத்தில் வண்டிகளுக்கு வியாதி இரண்டு. ஒன்று கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி. இன்னொன்று கடல் காற்று. உப்பு எதையும் விடாது. வெளியில் பெயின்ட் பளபளவென்று இருக்கும். டேஷ்போர்டுக்குக் கீழே ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தால் உள்ளே பச்சையாகவும் வெள்ளையாகவும் களிம்பு பூத்துக் கிடக்கும்.

அக்கா முதன்முதலில் வந்தது ஒரு மழைக்காலத்துக் காலையில். ஒல்லியான உடம்பு, சட்டை போட்ட மாதிரி முழங்கை வரைக்கும் ஜாக்கெட், கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. ஐம்பதை ஒட்டிய வயது.

“தம்பி, இண்டிகேட்டர் போட்டா வைப்பர் ஆடுது. வைப்பர் போட்டா ஹாரன் அடிக்க மாட்டேங்குது. இன்னான்னு பாரு.”

முன்கண்ணாடியைச் சுற்றி இருந்த ரப்பர் வெடித்து, மழைத் தண்ணீர் உள்பக்கமாக வழிந்து நேராக ஃப்யூஸ் பெட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தேன். ஒரு முனைக்கும் அடுத்த முனைக்கும் நடுவில் பச்சை ஏறி, பாலம் போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஈரம் பட்டால் அந்தப் பச்சை வழியாகவே கரண்டு தாவும். ஒன்றைப் போட்டால் இன்னொன்று வேலை செய்வதற்குக் காரணம் அதுதான். உப்புத்தாள் வைத்துச் சுரண்டி, பிரஷ்ஷால் தேய்த்து, ஒவ்வொன்றாக டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். பிரேக்கை மிதித்தபோது பின்னால் மங்கலாக வெளிச்சம் தெரிந்தது. திரும்பினேன். உடல் வைக்கிற மேடைக்கு மேலே, கூரையில் இருந்த சின்ன விளக்கு எரிந்தது. காலை எடுத்ததும் அணைந்தது. அந்த விளக்கு பின்கதவைத் திறந்தால் மட்டும்தான் எரிய வேண்டும்.

“அக்கா, பிரேக் லைன்ல இருந்து இதுக்கு கரண்டு பாயுது. இதையும் சுத்தம் பண்ணிடறேன்.”

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பிடி.

“அத தொடாத.”

“சொம்மா எரிஞ்சினு இருந்தா பேட்டரி எறங்கிடும்க்கா.”

“எறங்கட்டும். மத்ததெல்லாம் செய். அத மட்டும் வுட்டுடு.”

வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொன்னால் நான் வற்புறுத்துவதில்லை. விட்டுவிட்டேன். அவள் கிளம்பும்போது பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் டயர்கள் மேல் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா வண்டி ஏறப் போனவள் நின்றாள். திரும்பி அவரிடம் போய்க் குனிந்து, மூக்குக்குக் கீழே விரலை நீட்டிப் பிடித்தாள். அவர் கண்ணைத் திறந்து, முகத்துக்கு நேரே அவளையும் அவளுக்குப் பின்னால் சவ வண்டியையும் பார்த்து, “ஐயோ, நான் வரல!” என்று அலறிக்கொண்டு எழுந்தார். தெருவே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

“ஒருதபா பாத்துக்கலாம்னு பாத்தேன். பாத்தா இன்னா கொறஞ்சா பூடும்?”

இதுதான் அவள் அடிக்கடி சொல்கிற பேச்சு. பிறகு கவனித்தேன். பிளாட்பாரத்தில் படுத்திருப்பவன், கோயில் வாசலில் சுருண்டிருப்பவள், வெயிலில் அசையாமல் கிடக்கிற நாய், யாரையும் அவள் அப்படியே கடந்து போக மாட்டாள். குனிந்து பார்ப்பாள். மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் நகர்வாள்.

அவளைப் பற்றிப் புகார்களும் வந்துகொண்டிருந்தன. நடு ரோட்டில் வண்டியை நிறுத்துகிறாள். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துக் கத்துகிறான். சொந்தக்காரர்கள் ஏன் என்று கேட்டால் பதில் சொல்வதில்லை. இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்து பிணத்தோடு பேசுகிறாள். “அந்தம்மாக்கு கொஞ்சம் கழண்டுகீது” என்று என் கடையிலேயே பேசிக்கொண்டார்கள். அவள் வண்டியின் வயரிங்கைப் பார்த்தவன் என்பதால் எனக்குப் பாதி விஷயம் தெரிந்திருந்தது. மழை நாளில் பிரேக் மிதித்தால் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் நிறுத்துகிறாள். ஏன் நிறுத்துகிறாள் என்ற மீதிப் பாதி தெரியாது.

என் அப்பா இறந்தது அடுத்த வருடம் ஐப்பசியில். விம்கோ நகரில் எங்கள் வீடு. ராத்திரியெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர் விடிகாலையில் அடங்கிவிட்டார். டாக்டர் வந்து பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அக்காவுக்குத்தான் போன் செய்தேன்.

வந்தாள். என்னை ஒரு தரம் பார்த்து, தோளைத் தட்டிவிட்டு, அம்மாவிடம் போனாள்.

“வூட்ல இன்னான்னு கூப்டுவீங்கம்மா?”

“புள்ளைங்க எல்லாம் நைனான்னு கூப்டுங்க. அதப் பாத்து நானும் நைனான்னே கூப்ட ஆரம்பிச்சிட்டேன்” என்றாள் அம்மா.

மத்தியானம் கிளம்பினோம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நான் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாமாவும் தம்பியும் தெருக்காரர்களும் பைக்கில் பின்னால் வந்தார்கள். நெடுஞ்சாலையில் இடது பக்கம் முழுக்கத் துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. மார்க்கெட் தாண்டியதும் ஒரு லாரி திடீரென்று வெளியே மூக்கை நீட்டியது. அக்கா பிரேக்கை மிதித்தாள். தடுப்பில் இருந்த சின்னக் கண்ணாடி மஞ்சளாகிப் பிரகாசித்தது.

அக்கா வண்டியை அப்படியே ஓரம் கட்டினாள். ஓரம் என்று சொல்ல அங்கே இடம் கிடையாது. பாதி வண்டி ரோட்டில்தான் நின்றது. இறங்கினாள். நானும் இறங்கினேன். மாமா பைக்கிலிருந்தபடியே கத்தினார்.

“இன்னாமா, நடு ரோட்ல நிறுத்திகினு! வுடும்மா வண்டிய!”

அவள் காதில் வாங்கவில்லை. பின்கதவைத் தூக்கினாள். அப்பாவின் மார்பில், மாலைகளை விலக்கிவிட்டு, உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். காதருகில் குனிந்தாள்.

“நைனா.”

லாரிகளின் ஹாரன். மழை.

“நைனா, தோ உம் புள்ள நின்னுகினு கீறான். எதுனா சொல்லணுமா?”

எனக்குத் தெரியும். ஈரம், பிரேக், பச்சை பிடித்த அந்த முனை. எந்த வயரிலிருந்து எந்த வயருக்குக் கரண்டு தாவியது என்று பேப்பரில் வரைந்து காட்டுவேன். ஆனாலும் அந்த இடத்தில் நான் மூச்சை அடக்கிக்கொண்டு அப்பாவின் உதட்டையே பார்த்தேன். பதில் வந்துவிடும் என்று காத்திருந்தேன். காத்திருந்தது எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரிந்திருக்கும்.

அவள் கையை எடுத்தாள். மாலையைச் சரிசெய்தாள்.

“இல்லப்பா. போலாம்.”

மாமாவுக்குக் கோபம் தணியவே இல்லை. எனக்கு மட்டும் அதற்கப்புறம் அழுகை வந்தது. அதுவரை வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து கடையைத் திறந்த வாரம் அக்கா ஹெட்லைட் பல்பு மாற்ற வந்தாள். வேலை முடிந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, “குந்துக்கா” என்றேன். டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

“இன்னாத்துக்கு நிறுத்தறக்கா?”

டீயை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

“எங்க வூட்டுக்காரரு காலைல சட்டை மாட்டிகினே கீழ வுயுந்தாரு. டாக்டரு வந்து பாத்துட்டு போயிடுச்சின்னு சொல்ட்டாரு. வேற வண்டி எதுக்கு, அவரு வண்டிலயே இட்டுகினு போலாம்னு நாந்தான் சொன்னேன். நாந்தான் ஓட்டினேன். எனக்கு ஓட்ட சொல்லிக்குட்த்ததே அவருதான். பொட்டிய மூடல. எங்களுக்கு கல்லறைலதான் மூடி போடுவாங்க. கைய மார்மேல வெச்சி, ஜெபமாலைய சுத்தி வெச்சிருந்தோம். காசிமேடு கிட்ட போவசொல்ல பின்னால வெளக்கு எரிஞ்சிச்சி.”

கிளாஸை ஸ்டூலுக்குக் கீழே வைத்தாள்.

“அந்த வெளக்கு அதுக்கு முன்னாடியே அப்பப்ப எரியும். அவரு சொல்வாரு, அது பச்ச புடிச்சிகீது, அத கண்டுக்காதன்னு. அவரு சொன்னது காதுல கீது. நான் கண்டுக்கல. எரிஞ்சிகினே வந்துச்சி தம்பி. அணையல. நான் திரும்பி பாக்காம ஓட்டினேன். கல்லறைல கதவ தொறந்தா, அவரு ஒரு கை கீழ கெடக்குது. மாலை அவுந்து வுயுந்துகீது. எம் மச்சான் வண்டி குலுங்கிச்சின்னு சொல்லி, கைய எட்த்து மேல வெச்சாரு. மூடிட்டாங்க.”

“வண்டி குலுங்கினதுதான்க்கா.”

“நான் குலுக்காம ஓட்டுவேன்னு ஊருக்கே தெரியும்.”

டாக்டர் பார்த்தது, வண்டி ஆடியது, ஈரத்தில் கரண்டு தாவியது எல்லாம் அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? ஒரு தரம் இறங்கிப்போய்க் கூப்பிட்டிருந்தால் முடிந்துபோயிருக்கும். கூப்பிடவில்லை. அதனால் அவள் ஏற்றிய ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“ராத்திரில படுத்தா கண்ண மூட முடில. மூடினா கண்ணாடில மஞ்சளா தெரியுது” என்றாள் எழுந்திருக்கும்போது. அதைச் சாதாரணமாக, மூட்டுவலியைச் சொல்வது மாதிரி சொன்னாள்.

அந்த விளக்கைச் சரிசெய்துவிடலாம் என்று அதற்கப்புறம் நான் பலதடவை சொல்லியிருக்கிறேன். கேட்க மாட்டாள். ஃப்யூஸ் பெட்டி நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டு வந்தது. அவள் வீட்டுக்காரர் காலத்திலேயே யாரோ ஒரு மெக்கானிக், ஹெட்லைட் ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று அந்த இடத்தில் தடிமனான செப்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார். ஃப்யூஸ் எரிந்து போவதே வண்டியைக் காப்பாற்றத்தான். அது எரியாவிட்டால் வயர் எரியும். நான் கம்பியை எடுத்துவிட்டு ஃப்யூஸ் போட்டேன். வேறெங்கோ ஓட்டப் போன இடத்தில் மறுபடி யாரோ கம்பி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு கார்த்திகை மாதத்துப் பகலில், தண்டையார்பேட்டையில் முழங்கால் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தபோது டேஷ்போர்டிலிருந்து புகை கிளம்பியது. பின்னால் ஒரு பெரியவரின் உடல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மகன் கதவைத் திறந்துகொண்டு குதித்தான். அக்கா குதிக்கவில்லை. இறங்கிப் பின்பக்கம் ஓடி, சொந்தக்காரர்களைக் கத்திக் கூப்பிட்டு, பாடையை இழுத்துப் பக்கத்துக் கடைப் படிக்கட்டில் ஏற்றி வைத்தாள். அதற்கப்புறம்தான் புகைக்குள் தலையை விட்டு பேட்டரி வயரைப் பிடுங்கினாள். புருவம் பொசுங்கியிருந்தது. வண்டியைக் கயிறு கட்டி என் கடைக்கு இழுத்து வந்தார்கள்.

ஃப்யூஸ் பெட்டி பாதி உருகியிருந்தது.

“இத இனிமே சுத்தம் பண்ண முடியாதுக்கா. மொத்தமா மாத்தணும். இல்லன்னா ஒருநாள் வண்டி எரியும். உள்ள இருக்கறவங்களோட எரியும்.”

“சுடுகாடு போறதுக்கு முன்னாடியேவா?” என்றாள். சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். ரொம்ப நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். “சரி. மாத்து.”

நாள் முழுக்கக் கூடவே உட்கார்ந்திருந்தாள். பழைய பெட்டியைக் கழற்றி வெளியே எடுத்ததும் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். உருகாத பக்கத்தில் இருந்த பச்சையை நகத்தால் சுரண்டினாள்.

“இதா?”

“இதான்க்கா.”

“இதான் வெளக்க எரிய வெச்சிதா?”

நான் ஒரு பேட்டரியை எடுத்து வைத்து, பிரேக் லைன் முனையில் ஒரு வயரையும், விளக்கு லைன் முனையில் டெஸ்ட் லேம்ப்பையும் மாட்டினேன். பல்பு எரியவில்லை. விரலைத் தண்ணீரில் தொட்டு, நடுவில் இருந்த பச்சை மேல் ஒரு சொட்டு விட்டேன். பல்பு மெதுவாகச் சிவந்து, பிறகு மஞ்சளாக எரிந்தது.

அக்கா அதைப் பார்த்தாள். துடைக்கச் சொன்னாள். துடைத்தேன், அணைந்தது. மறுபடி தண்ணீர் விடச் சொன்னாள். அப்புறம் அவளே விரலால் விட்டாள். துடைத்தாள். விட்டாள். டீ ஆறிப்போய் ஏடு கட்டியது. கடைக்கு வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு வேறு வேலை இருந்தது. ஆனால் அவளை நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை.

“அவரு போன அன்னிக்கி மழ வந்துகினு இருந்துச்சி தம்பி” என்றாள் கடைசியில்.

“அப்ப வேற இன்னாக்கா? இதான்.”

“அப்ப அவரு இல்ல.”

“அவரு இல்லக்கா.”

புதுப் பெட்டியைத் தண்ணீர் இறங்காத இடமாகப் பார்த்து உயரத்தில் மாட்டினேன். ஒவ்வொரு முனைக்கும் வாஸ்லின் தடவினேன். விளக்குக்குப் போகிற வயரைப் பின்கதவு வரைக்கும் புதிதாக இழுத்தேன். கண்ணாடி ரப்பரையும் மாற்ற வைத்தேன். விளக்கு கதவைத் திறந்தால் எரிந்தது, மூடினால் அணைந்தது.

அதற்கப்புறம் அக்கா வேறொரு ஆளாக ஆனாள். வழியில் நிறுத்துவதில்லை. புகார் நின்றுபோனது. காத்திவாக்கத்தில் கட்டிக்கொடுத்த அவள் மகள் ஒருநாள் என் கடைக்கு வந்து, “அம்மா இப்பல்லாம் படுத்தா தூங்குதுண்ணா. குறட்டை வுடுது. இன்னா மருந்து குட்த்தீங்க?” என்று சிரித்தாள். உடம்பிலும் கொஞ்சம் சதை போட்டது. பஞ்சர் கடைக்காரரைப் பார்த்தால், “இன்னா நைனா, வரியா இல்லியா?” என்று கேலி பண்ணுவாள். பேர் கேட்பதை மட்டும் விடவில்லை. இப்போது எதற்கு என்று கேட்டேன். “பழகிடுச்சி. பேரு தெரிஞ்சிகினு ஓட்டறதுதான் மரியாத” என்றாள்.

இரண்டு மழைக்காலம் நன்றாகப் போனது.

பிறகு ஒரு சித்திரை மாதம். கத்திரி வெயில். தார் இளகி டயரில் ஒட்டுகிற மத்தியானம். அக்கா வேனைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்தினாள். இன்ஜினை அணைத்தாள். இறங்கவில்லை. நானே பக்கத்தில் போனேன். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“எரிஞ்சிச்சி.”

“இன்னாக்கா?”

“மேம்பாலம் ஏறசொல்ல எரிஞ்சிச்சி. பிரேக் புடிக்கல. குலுங்கல. சொம்மா எரிஞ்சிச்சி. நிறுத்தினேன். போயி கூப்ட்டேன். கைய வெச்சி பாத்தேன். ஜில்லுனு கெடக்குது அந்தம்மா. கதவ மூடினப்பறமும் கொஞ்சநேரம் எரிஞ்சிச்சி. அப்பால அணைஞ்சிச்சி. அடக்கம் பண்ணிட்டு நேரா இங்க வரேன்.”

“தோ பாக்கறேன். நீ குந்து.”

அவள் அசையவில்லை. என்னைப் பார்த்தாள்.

“தம்பி, அன்னிக்கி தண்ணி வுட்டு காட்டினியே. இன்னிக்கி தண்ணி ஏது?”

நான் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு துளி பச்சை இல்லை. நான் தடவிய வாஸ்லின் அப்படியே இருந்தது. எல்லா ஃப்யூஸையும் பிடுங்கி, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தேன். டெஸ்ட் லேம்ப்பை எங்கெங்கே வைக்க முடியுமோ அங்கெல்லாம் வைத்தேன். பின்கதவு வரைக்கும் போகிற வயரை அங்குலம் அங்குலமாகக் கையால் உருவிக்கொண்டே போனேன். எங்கும் தோல் உரியவில்லை. எங்கும் தகரத்தில் உரசவில்லை. கூரை விளக்கைக் கழற்றினேன். கதவு ஸ்விட்சைக் கழற்றினேன். சின்னப் பித்தளைப் பொத்தான், பின்னால் ஒரு ஸ்பிரிங். கதவு மூடும்போது பொத்தானை அழுத்தும், விளக்கு அணையும். அழுத்திப் பார்த்தேன். விட்டுப் பார்த்தேன். ஒழுங்காக இருந்தது. மறுபடி மாட்டினேன்.

ஓடும்போது மட்டும் வருகிற கோளாறு என்று ஒன்று உண்டு. நிற்கிற வண்டியில் அது சிக்காது. அதைப் பிடிக்க ஒரு வழிதான் இருந்தது.

“அக்கா, நீ ஓட்டு. நான் பின்னால படுத்துகினு பாக்கறேன்.”

அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். நான் ஏறிவிட்டேன். அந்த ஸ்டீல் மேடையில் மல்லாந்து படுத்தேன். சாமந்தி இதழ்கள் முதுகில் ஒட்டின. ஊதுவத்தி வாசனையும் இன்னொரு வாசனையும் இருந்தன. அவள் கதவை மூடினாள். இருட்டானது. முகத்துக்கு நேர் மேலே விளக்கு, அணைந்து இருந்தது.

வண்டி கிளம்பியது. பிரேக் போட்டாள். வேகத்தடையில் ஏற்றி இறக்கினாள். குண்டும் குழியுமான சந்துகளில் ஓட்டினாள். மேம்பாலத்தில் ஏறினாள். நான் கண்ணைச் சிமிட்டாமல் விளக்கையே பார்த்தேன். என் அப்பாவும் இங்கேதான், இதே இடத்தில் படுத்திருந்தார் என்று அப்போதுதான் நினைத்தேன். விளக்கு எரியவில்லை. ஒரு தடவை தலையைத் திருப்பினேன். கையகலக் கண்ணாடியில் அக்காவின் கண்கள் தெரிந்தன. ரோட்டைப் பார்க்கவேண்டியவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையை ஆட்டிக் காட்டினேன். உயிரோடிருக்கிறேன் என்று காட்டுவதற்காக.

கடைக்குத் திரும்பினோம். கதவைத் திறந்தாள். வெளிச்சம் கண்ணில் குத்தியது. எழுந்து உட்கார்ந்தேன். பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

“இன்னா ஆச்சி?”

கோளாறு இல்லை என்பதுதான் நிஜம். ஆனால் அதைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தது. அந்த மேம்பாலத்தோடு அது நிற்காது. காசிமேடு வரைக்கும் பின்னால் போகும். கீழே கிடந்த கை வரைக்கும் போகும். பெட்டியின் மூடி வரைக்கும் போகும்.

கதவு ஓரத்துக்குக் குனிந்தேன். ஸ்க்ரூ டிரைவரால் ஸ்விட்சைத் தட்டினேன்.

“இதான்க்கா. ஸ்பிரிங் தளந்துகீது. வெயில்ல தகரம் விரியுதில்ல, கதவு சரியா அழுத்தல. அதான் எரிஞ்சிகீது.”

“நெசமாவா?”

“பாரு.” விரலால் பொத்தானை அரைகுறையாக அழுத்தினேன். விளக்கு அணையவில்லை. எந்தக் கதவு ஸ்விட்சையும் அரைகுறையாக அழுத்தினால் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

அவள் என் விரலைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். முகத்தைத்தான் அதிக நேரம் பார்த்தாள். எனக்குப் பொய் சொல்ல வரும் என்று அதற்கு முன்னால் எனக்கே தெரியாது.

“அப்ப அன்னிக்கும் ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லக்கா. அன்னிக்கி பச்ச. இன்னிக்கி ஸ்பிரிங். எல்லாம் வண்டிதான்.”

அவள் வண்டியின் படியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பஞ்சர் கடைக்காரர் எழுந்து வந்து, என்னவென்று கேட்காமல் தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நான் அந்த ஸ்விட்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு புதிதாக ஒன்றை மாட்டினேன். கிளம்பும்போது அக்கா என் தலைமேல் கையை வைத்து எடுத்தாள். அவள் கை எப்போதும் இருப்பதைவிட இலேசாக இருந்தது.

அதற்குப் பிறகு சில வருடங்கள் ஓட்டினாள். விளக்கு மறுபடி எரிந்ததாகச் சொல்லவில்லை. முழங்கால் முடியாமல் போனதும் வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டாள். போன வருடம், மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு மத்தியானம், சாப்பிட்டுப் படுத்தவள் தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று மகள் போன் செய்தாள். நல்ல தூக்கம் என்றாள். முகத்தில் ஒரு கவலை இல்லை என்றாள். காத்திவாக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

அவள் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் சில நாட்களில் தூக்கம் வருவதில்லை. நான் கழற்றிய அந்தக் கதவு ஸ்விட்ச் கடை டிராயரில் இருக்கிறது. வேலை இல்லாத மத்தியானங்களில் எடுத்து டெஸ்ட் லேம்ப்போடு மாட்டிப் பார்க்கிறேன். அழுத்தினால் அணைகிறது. விட்டால் எரிகிறது. வெயிலில் வைத்துப் பார்த்திருக்கிறேன், ஈரத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன், மேசையில் தட்டிப் பார்த்திருக்கிறேன்.

அதில் ஒரு கோளாறும் இல்லை.